11 வயதில் போன பிள்ளை: அக்காவுடன் எந்த வேதபகுதியை வாசிக்கலாம்?

பவானி பக்கம் எங்கள் ஊர். அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய். கோயமுத்தூரில் ஒன்றரை வருட சிகிச்சைக்குப் பிறகு, போன ஆடியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். 11 வயது.

அக்கா ஆலயத்துக்கு வருகிறாள், பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தால் நாடா கையிலேயே நிற்கிறது. "இத்தனூண்டு ஆயுசுக்கு ஆண்டவர் என்னத்த நெனச்சு அனுப்புனாரு கண்ணு?" என்பதுதான் அவள் கேள்வி.

நம் நாட்களெல்லாம் முன்னமே தேவனுடைய புஸ்தகத்தில் எழுதியிருந்தது என்று சொல்லும் சங்கீதம் 139:16-ஐ ஆயர் வாசித்தார். "நாளை எழுதி வெச்சவரே கொறைச்சுட்டாரா?" என்று அழுகை கூடியது. 29 வயதில் மரித்த டேவிட் பிரெய்னார்ட், 31 வயதில் மரித்த ஹென்றி மார்ட்டின் என்ற மிஷனரிகள் பற்றி நான் சொன்னேன். "அவங்க ஊழியஞ் செஞ்சாங்க, எம்பையன் ஆறாவதுதான படிச்சான்" என்றாள். நியாயமான பேச்சு. செய்து முடித்த வேலையை வைத்துத்தான் தேவநோக்கத்தை அளக்க வேண்டுமா என்ன? அப்புறம் 2 சாமுவேல் 12:23, தாவீது இறந்த குழந்தையிடம் தான் போவதாகச் சொல்லும் இடம். அதை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: அதற்கு அடுத்து அவளோடு உட்கார்ந்து எதை வாசிக்கட்டும்?