15 ரூபாய் மைக்குக்குச் சோறு போடுவது யார்: கம்ப்யூட்டரா, பேட்டரியா?

சோலைக்குருவி (கோத்தகிரி)

எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சிற்றோடை. மழைக்காலம் தொடங்கிவிட்டால் விடியற்காலையில் சீகாரப் பூங்குருவி ஒன்று அங்கே வந்து விசிலடிக்கும். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பதிவு செய்து போட்டுக்காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் "கண்டென்சர் மைக்" என்று கேட்டு, ஒன்று 15 ரூபாய் வீதம் பத்து வாங்கினேன். சட்டைப் பொத்தான் அளவுதான். முன்பக்கம் கறுப்புத் துணி, பின்பக்கம் இரண்டு ஈயப் பொட்டுகள். ஷீல்டு வயரைப் பற்றவைத்து, வீட்டில் கிடந்த மோனோ பின்னை மாட்டி, டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்புத் துளையில் செருகினேன். மூச்சே இல்லை. கடைக்காரர் சொன்னபடி ஸ்டீரியோ பின் போட்டு, அதன் நுனியையும் நடு வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்ததும் உயிர் வந்தது. ஆனால் குருவிக்குப் பின்னால் "உம்ம்" என்று ஒரு முனகல். அதற்கும் பின்னால் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஓயாத இரைச்சல்.

பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி போடச் சொல்கிறார். கம்ப்யூட்டரே மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரி எதற்கு?

பூம்பாறை_பூண்டு (கொடைக்கானல்)

மோனோ பின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், டீச்சர். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய வகை சவுண்ட் கார்டு போலிருக்கிறது. அதில் பின்னின் நுனி ஒலிக்கு, நடு வளையம் மின்சாரத்துக்கு, அடிக்கட்டை எர்த்துக்கு. மோனோ பின்னில் வளையம் கிடையாது. அடிக்கட்டையே நீண்டு அந்த இடத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். கார்டு கொடுத்த மின்சாரம் மைக்குக்குப் போகாமல் நேராக எர்த்தில் விழுந்துவிட்டது. உள்ளே ஒரு ரெசிஸ்டர் காவலுக்கு இருப்பதால் கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பேட்டரி வேண்டவே வேண்டாம். இந்த மைக்குக்குள் மின்னேற்றம் நிரந்தரமாகவே தங்கியிருக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் கேட்பது அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் மட்டும். அதன் பசி அரை மில்லி ஆம்பியர். துளையில் வரும் இரண்டு மூன்று வோல்ட் அதற்குத் தாராளம்.

வால்வு_ரேடியோ (குன்னூர்)

தாராளம் என்று யார் சொன்னது, தம்பி பூண்டு? குன்னூரில் 32 ஆண்டுகள் ரேடியோ பழுது பார்த்தவன் நான். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு சந்தையே கூடியிருக்கிறது: சுவிட்சிங் சப்ளை, காற்றாடி, ஹார்ட் டிஸ்க். அந்தக் கூச்சலோடு வருகிற மின்சாரத்தை ஊட்டினால் மைக் அதைத்தான் திருப்பிப் பாடும். கண்டென்சர் மைக் என்றால் 200 வோல்ட் கேட்ட காலம் உண்டு. வோல்ட் ஏற ஏறத்தான் தெளிவு.

டீச்சர், 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று வாங்குங்கள். ஒரு மசாலா தோசைச் செலவு.

சோலைக்குருவி

ஐயா, கண்டென்சர்தான் ஏற்கெனவே பத்து வைத்திருக்கிறேனே. இன்னொன்று எதற்கு? இவற்றில் மைக்ரோஃபாரட் என்று எதுவும் எழுதவில்லை.

வால்வு_ரேடியோ

தவறு என்னுடையது, டீச்சர். எங்கள் காலத்து மெக்கானிக்குகளுக்குக் கெப்பாசிட்டரும் கண்டென்சர்தான். உங்கள் பள்ளிப் புத்தகத்தில் அதுவே மின்தேக்கி.

இணைப்பு இப்படி. பேட்டரியின் பாசிட்டிவ் ரெசிஸ்டர் வழியாக மைக்கின் ஒலிப் பொட்டுக்குப் போகட்டும். அதே பொட்டிலிருந்து கெப்பாசிட்டர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். பேட்டரி நெகட்டிவ், மைக்கின் எர்த் பொட்டு, வயரின் ஷீல்டு மூன்றும் ஒன்று. எர்த் பொட்டு எது என்று தெரிய மைக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பொட்டிலிருந்து முடிபோல் மெல்லிய கோடுகள் உலோக விளிம்புக்கு ஓடும். அதுதான் எர்த்.

கெப்பாசிட்டரை விட்டுவிடக் கூடாது. பேட்டரியின் டி.சி. கம்ப்யூட்டருக்குள் போகாமலும், கம்ப்யூட்டரின் டி.சி. இங்கே வராமலும் நடுவில் நின்று, ஒலியை மட்டும் விடுகிற வாயிற்காவலன் அது.

பூம்பாறை_பூண்டு

ஐயா, 200 வோல்ட் காலம் மலையேறிவிட்டது. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மின்னேற்றத்தைப் பிளாஸ்டிக் படலத்திலேயே பூட்டிவைக்கும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் கையில் இருப்பது அதன் கொள்ளுப்பேத்தி. இதில் வோல்ட்டை ஏற்றினால் தெளிவு ஏறாது. பலத்த சத்தம் வரும்போது ஒலி உடைந்து போகாமல் தாங்கும், அவ்வளவுதான். பூங்குருவி என்ன பட்டாசா வெடிக்கிறது?

ஒலியின் அளவை ஏற்றுவது ரெசிஸ்டர். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் ஒலிக்கேற்ப மின்னோட்டத்தைத்தான் ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தை வோல்ட்டாக மாற்றுவது ரெசிஸ்டர். 2.2 கிலோ ஓம் இருந்த இடத்தில் 4.7 போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வால்வு_ரேடியோ

அப்படியா? கணக்குப் போடுவோம், தம்பி. அரை மில்லி ஆம்பியர் 4.7 கிலோ ஓமில் ஓடினால் 2.35 வோல்ட் ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும். உங்கள் துளையில் வருவது 3 வோல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மிஞ்சுவது 0.65 வோல்ட். டிரான்சிஸ்டர் மூச்சு முட்டிச் சாகும். என் 9 வோல்ட் பேட்டரியில் ஆறரை வோல்ட்டுக்கு மேல் மிஞ்சும். பெரிய ரெசிஸ்டர் போட வேண்டும் என்றால் பேட்டரிதான் வழி. உங்கள் வாயாலேயே என் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டீர்கள்.

பூம்பாறை_பூண்டு

சரி, அந்த ஒரு இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பேட்டரி எதற்கு? யூஎஸ்பியிலிருந்து 5 வோல்ட் எடுக்கலாமே.

வால்வு_ரேடியோ

எடுத்துப் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸில் கொசு ஒன்று விடாமல் பாடும். யூஎஸ்பி ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை தாளம் போடுகிற சாதனம். அந்தத் தாளம் மின்சாரத்திலும் ஏறி வரும்.

பூம்பாறை_பூண்டு

1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் வடிகட்டியாகப் போட்டால் கொசு செத்துவிடும். 1.6 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதையெல்லாம் அமுக்கத் தொடங்கும். 1,000 ஹெர்ட்ஸுக்குள் 50 டெசிபெல்லுக்கு மேல் குறைந்திருக்கும்.

வால்வு_ரேடியோ

பாசிட்டிவ் வயரில் வருவது குறையும். எர்த் வயரில் வருகிற கொசுவை எந்த வடிகட்டியில் பிடிப்பீர்கள்?

கேத்தி_மூடுபனி (கேத்தி)

மூன்று பேரும் சேர்ந்து ஒரு குருவியை வதைக்கிறீர்கள். ஒரு யூஎஸ்பி மைக் வாங்கினால் ஐந்து நிமிட வேலை.

அதோடு ஓர் எச்சரிக்கை. மேடை மைக்குகளுக்கான மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் சப்ளை, அதாவது மைக் வயர் வழியாகவே அனுப்பும் மின்சாரம், வரும். நான் இதே மாதிரி ஒரு குட்டி மைக்கை அதில் நேராக மாட்டினேன். 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தானே வருகிறது என்ற தைரியம். மைக் இழுக்கும் அரை மில்லி ஆம்பியருக்கு மூன்றரை வோல்ட் கூடக் குறையவில்லை. 10 வோல்ட் தாங்கும் பொருளின் தலையில் 44 வோல்ட். "டப்" என்ற ஓசையே அது கடைசியாகப் பேசியது.

சோலைக்குருவி

யூஎஸ்பி மைக்கை ஓடைக் கரையில் மூடுபனியில் எப்படி வைப்பது? 15 ரூபாய் மைக் நனைந்து செத்தால் மனம் ஆறும். ஐயா சொன்ன பேட்டரிப் பெட்டியைச் செய்யப் போகிறேன். ஆனால் என் முதல் மைக், பற்றவைக்கும் சூட்டிலேயே பழுதாகிவிட்டது. எப்படிப் பிடித்துக்கொள்வது?

பூம்பாறை_பூண்டு

கேரட் துண்டில் ஓட்டை போட்டு மைக்கை அதில் அமுக்கிவிடுங்கள். சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் ஊரில் கேரட்டுக்கா பஞ்சம்?

வால்வு_ரேடியோ

கேரட்டைச் சாம்பாரில் போடுங்கள், டீச்சர். மைக்கின் முகத்துத் துணி ஈரத்தைக் குடித்துவிடும். பழைய ரப்பர் செருப்பில் குழி தோண்டி, முகத்தைக் கீழே வைத்துச் செருகுங்கள். வயர் முனைக்கு முன்பே ஈயம் பூசிவிடுங்கள். பொட்டில் சால்டர் இரும்பு இரண்டு வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஒட்டவில்லை என்றால் ஊதி ஆறவைத்து மறுபடி தொடுங்கள்.

சோலைக்குருவி

நான்கு நாள் கழித்து வருகிறேன். பேட்டரிப் பெட்டி தயார். பழைய சோப்பு டப்பாவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பள்ளி லேப்டாப்பில் மாட்டினேன். அதில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை. முதலில் அதுவும் ஊமை. நான்கு பட்டைப் பின் வாங்கி, அடிக்கட்டையில் மைக், அதற்கு அடுத்த வளையத்தில் எர்த் என்று மாற்றிய பிறகுதான் பேசியது.

பேட்டரி போட்டும் முனகல் போகவில்லை! பூண்டுத் தம்பி சொன்னதுதான் சரியோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நேற்று இரவு காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தடியாக ஓடிய கோடு, விளக்கு அணைந்த அதே நொடியில் நூலாக இளைத்துவிட்டது. காதில் மாட்டிக் கேட்டேன். முனகல் இல்லை. ஓடைத் தண்ணீர் கேட்டது. ஒரு தவளை. ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குத் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கரண்ட் வந்ததும் மறுபடி "உம்ம்".

பூம்பாறை_பூண்டு

பார்த்தீர்களா! முனகல் மைக்கின் மின்சாரத்தில் இல்லை. லேப்டாப் சார்ஜரில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸும் அதன் பரிவாரமும் அந்த வழியாக வந்து எர்த்தில் உட்கார்ந்துகொள்கின்றன. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். பேட்டரிப் பெட்டி வீண்.

வால்வு_ரேடியோ

சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப் எதில் ஓடும்? பேட்டரியில். நான் முதல் நாளே சொன்னது என்ன? பேட்டரி.

பூம்பாறை_பூண்டு

ஐயா, அது வேறு பேட்டரி!

கேத்தி_மூடுபனி

எனக்குத் தலை சுற்றுகிறது. முனகல் போனது, சரி. அந்தத் தூறல் இரைச்சல்?

சோலைக்குருவி

இருக்கிறது. ரெசிஸ்டரை 4.7-க்கு மாற்றினேன். குருவி கொஞ்சம் முன்னால் வந்தது. இரைச்சல் குறைந்ததுபோல் இருக்கிறது, ஆனால் போகவில்லை.

பூம்பாறை_பூண்டு

பாதி போயிருக்கும். லேப்டாப்பின் சொந்த இரைச்சல் அங்கேயே நிற்க, குருவி மட்டும் உயர்ந்ததால் அந்தப் பங்கு அமுங்கிவிட்டது. மீதி மைக்கின் சொந்தச் சரக்கு. குருவி உயர்ந்தால் அதுவும் கூடவே உயரும். பேட்டரியை மாற்றினாலும் சாமி கும்பிட்டாலும் போகாது. மலிவு மைக்கின் தரம், அதாவது ஒலிக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, 60 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கை அளக்கப் பயன்படுத்தும் நிலையான ஒலியளவு 94 டெசிபெல். அதிலிருந்து கழித்தால் 34 டெசிபெல் அதன் உள்ளிரைச்சல். காற்றில்லாத சோலை இரவு அதைவிட அமைதி. மைக்கே காட்டைவிட அதிகம் பேசுகிறது. ப்ரைமோ ஈஎம்272 போன்ற மைக்குகள் 80 டெசிபெல், உள்ளிரைச்சல் 14. விலையும் அப்படித்தான்.

வால்வு_ரேடியோ

தம்பி சொல்வது சரி. ஆனால் டீச்சரிடம் இன்னும் எட்டு ஒன்பது மைக் இருக்கிறதே. நான்கை இணையாகக் கட்டி, முகம் ஒரே பக்கம் பார்க்க வைக்கட்டும். ஒலி நான்கும் கூடும், இரைச்சல் அந்த அளவு கூடாது. 6 டெசிபெல் லாபம். நான்கும் சேர்ந்து 2 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்பதால் ரெசிஸ்டரை 1.2 கிலோ ஓமுக்குக் குறைத்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் துளைக்கு இந்தச் சுமை தாங்குமா, தம்பி?

பூம்பாறை_பூண்டு

தாங்காது. ஆனால் அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, டீச்சர். மைக் இப்போது குருவியிலிருந்து எவ்வளவு தூரம்?

சோலைக்குருவி

ஜன்னலில் இருக்கிறது. எட்டு மீட்டர் இருக்கும்.

பூம்பாறை_பூண்டு

இரண்டு மீட்டருக்குக் கொண்டுபோங்கள். தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபெல். மொத்தம் 12. எந்தப் பேட்டரியும் தராத லாபம்.

வால்வு_ரேடியோ

வயர் நீளும். கெட்டியான ஷீல்டு வயராகப் பாருங்கள். அந்த ஆறு மீட்டரிலும் வீட்டு வயரிங்குக்குப் பக்கத்தில் ஓடவிடாதீர்கள். முகத்துக்குப் பஞ்சும் அதற்கு மேல் கம்பளித் துண்டும் கட்டுங்கள், காற்று மோதினால் குருவி காணாமல் போகும். பதிவு முடிந்ததும் மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடுங்கள். கோத்தகிரிப் பனி ஏறினால் பொரி பொரிந்ததுபோல் சத்தம் போடும்.

சோலைக்குருவி

இன்று காலை, நான்கு மைக் கட்டு, ஓடைக்கரை சில்வர் ஓக் மரத்தில். பேட்டரிப் பெட்டி மரத்தடியில் பிளாஸ்டிக் பைக்குள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஐந்தே காலுக்கு உட்கார்ந்தேன். இரைச்சல் ஏறக்குறைய இல்லை. ஓடை அவ்வளவு தெளிவு. பொரிச் சத்தமும் இல்லை.

குருவி வந்தது. கம்பளித் துண்டை ஒரு முறை பார்த்தது. ஓடையின் அந்தக் கரைக்குப் போய் உட்கார்ந்து பாடியது. இன்னும் ஏழு மீட்டர் வயர் வேண்டும்.

வால்வு_ரேடியோ

வயரை நீட்ட வேண்டாம், டீச்சர். கம்பளித் துண்டு என்ன நிறம்?

சோலைக்குருவி

சிவப்பு.

பூம்பாறை_பூண்டு

ஐயா, இதற்கும் பேட்டரிதான் தீர்வு என்று சொல்லிவிடாதீர்கள்.