சளிக்கும் மூக்கடைப்புக்கும் கைவைத்தியம் போதுமா?

பொருநைக்கரை:

சாதாரணச் சளிக்கும் மூக்கடைப்புக்கும் அடுப்படியில் இருப்பவையே போதும், மருந்துக்கடைப் படியேறத் தேவையில்லை என்பதுதான் நான் முன்வைக்கும் வாதம். நொச்சித் தழையும் மஞ்சளும் இட்டு வேது, அதாவது ஆவி, பிடிப்பது, தூதுவளை ரசம், கண்டந்திப்பிலி ரசம், சுக்குக் காப்பி, ஓமவல்லிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுப்பது, விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அதன் புகையை முகர்வது ஆகியவற்றைத்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் ஐப்பசி அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும் செய்துவருகிறோம்.

இவற்றை அறிவியலுக்குப் புறம்பானவை என்று ஒதுக்குபவர்கள், அறிவியலின் பெயரால் விற்கப்படுபவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு மாத்திரைகளில் பல்லாண்டுகளாகச் சேர்க்கப்பட்டுவரும் ஃபினைலெஃப்ரினை வாய்வழியாக உட்கொண்டால் பயனில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகக் கூறிவிட்டது. அதே ஆண்டின் இறுதியில், அதனுடன் குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உறையிலேயே அச்சிடுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததையும், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்த அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மிளகு ரசம் குடித்து எந்தக் குழந்தையின் சிறுநீரகமும் பழுதானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மூக்குத்தண்டு:

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். ஐயா கூறிய மூன்று செய்திகளும் உண்மை. அவற்றில் ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஃபினைலெஃப்ரின் தோற்றுவிட்டது என்பதனால் வேது வென்றுவிட்டது என்று ஆகாது.

வேது பிடிப்பதையே எடுத்துக்கொள்வோம். சளிக்குக் காரணமான வைரஸ்களில் முதன்மையான ரைனோ வைரஸ், மூக்கினுள் நிலவும் 33 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில்தான் நன்றாகப் பெருகும். ஆகவே சூடான ஈரக்காற்றை உள்ளே செலுத்தினால் அது மடியும் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. 1980களின் இறுதியில் நடந்த சில சோதனைகள் அதற்கு ஆதரவாகவும் அமைந்தன. பின்னர் நடந்தவை ஆதரவாக அமையவில்லை. இந்தச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, மொத்தம் 387 பேரின் முடிவுகளை வைத்துக்கொண்டு, பலன் உண்டு என்றும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல இயலாத நிலையில்தான் முடிந்தது. சைனஸ் எனப்படும் முக எலும்புக் காற்றறைக்கும் மூக்கிற்கும் இடையிலுள்ள திறப்பு சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அது வீங்கி அடைத்திருக்கும்போது போர்வைக்குள் எவ்வளவு நேரம் வேர்த்தாலும் ஆவி அந்த அறையை எட்டப்போவதில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, நெற்றியில் வலி என்றாலே அதைச் சைனஸ் என்று வீட்டிலேயே முடிவு செய்து, நெற்றியில் பற்றும் தலையில் போர்வையுமாக ஆண்டுகளைக் கழிப்பவர்கள்தான். தமக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. ஒற்றைத் தலைவலி வரும்போது மூக்கு ஒழுகுவதும் கண்ணில் நீர் வருவதும் உண்டு என்பதால் குழப்பம் நேர்கிறது. எஞ்சியவர்களில் பலருக்கும், என் அனுபவத்தில், தூசி ஒவ்வாமையோ மூக்குத்தண்டு வளைவோதான் காரணமாக இருக்கிறது. எதற்கு வைத்தியம் செய்கிறோம் என்பதே தெரியாத நிலையில் வைத்தியம் பலித்தது என்று எப்படிச் சொல்வது?

இரவுப்பணி:

நான் தீக்காயப் பிரிவில் பணியாற்றிய செவிலி. மருத்துவர் ஐயா ஆவியால் பயன் உண்டா என்று பேசுகிறார். நான் ஆவி பிடிக்கும் பாத்திரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பெரும்பாலும் கதை ஒன்றுதான். அடுப்பிலிருந்து இறக்கிய அலுமினியக் குண்டானைக் கட்டிலின் மேலோ முக்காலியின் மேலோ வைத்து, குழந்தையைக் கால் மடக்கி எதிரே அமர்த்தி, இருவருக்கும் சேர்த்துப் போர்வையை மூடுகிறார்கள். உள்ளே இருட்டு; மூச்சு முட்டுகிறது; குழந்தை திமிறிப் போர்வையை இழுக்கிறது; போர்வையின் நுனி குண்டானின் விளிம்பில் சிக்கியிருக்கிறது. நீர் கொட்டும் இடம் முகம் அன்று, மடியும் தொடைகளும் இடுக்குகளும்தான். 70 டிகிரி செல்சியஸ் வெந்நீர் ஆழமான புண்ணை உண்டாக்க ஒரு நொடி போதும் என்னும்போது, இறக்கிய குண்டானில் இருப்பது அதைவிடச் சூடான நீர். நனைந்த பருத்தி உள்ளாடை தோலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை விடாமல் பிடித்துவைக்கிறது. சளி ஒரு வாரத்தில் தானாகவே போயிருக்கும். இந்தத் தழும்போ, குழந்தை வளர வளரத் தோலைச் சுருக்கி இழுத்து, மறுபடியும் அறுவைக்குக் கொண்டுவரும்.

குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு. இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பொருநைக்கரை:

அம்மா சொல்வதைப் படித்தபோது மனம் பதைத்தது. அதை மறுக்க எனக்கு வாய் வராது. எனினும் பாத்திரம் கவிழ்வது வைத்தியத்தின் குற்றமா, வைத்த விதத்தின் குற்றமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீடுகளில் தரையில் பாய் விரித்து, அகன்ற அடியுடைய மண்பானையைப் பிரிமணையில் அமர்த்தித்தான் வேது பிடிப்பார்கள். அதுவும் பெரியவர்களுக்கு மட்டும்.

மருத்துவர் ஐயாவுக்கு வேறொரு பதில் உண்டு. சோதனை வேண்டும் என்கிறார், சோதனையையே காட்டுகிறேன். 1978இல் அமெரிக்காவின் மயாமியில், சூடான கோழி சூப்பும் வெந்நீரும் குளிர்ந்த நீரும் கொடுத்து மூக்குச் சளியின் ஓட்டத்தை அளந்தார்கள். சூப் குடித்தவர்களுக்கு ஓட்டம் விரைவுபட்டது. 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்குச் சூடான பழச்சாறு கொடுத்தபோது, தொண்டைக் கரகரப்பும் தும்மலும் இருமலும் உடனே தணிந்ததாக அவர்கள் கூறினார்கள். நாட்டுக்கோழி ரசமும் சுக்குக் காப்பியும் இதிலிருந்து எவ்வளவு தொலைவு? ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோமெக்சின் என்ற சளி மருந்து உருவாக்கப்பட்டு 1960களில் விற்பனைக்கு வந்தது. இன்று ஐயா எழுதிக்கொடுக்கும் ஆம்ப்ராக்சால் அதன் வழித்தோன்றல். வேலியில் முளைத்த செடியை நாங்கள் கஷாயமாக்கினால் மூடநம்பிக்கை, அதையே புட்டியில் அடைத்தால் மருத்துவமா?

மூக்குத்தண்டு:

கார்டிஃப் ஆய்வின் மற்றொரு பாதியையும் ஐயா சொல்லியிருக்கலாம். அந்த 30 பேரின் மூக்கில் காற்றோட்டத்தைக் கருவி கொண்டு அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. மாறியது அவர்களுடைய உணர்வு மட்டுமே. மென்தால் தடவினாலும் இதுவே நிகழ்கிறது: குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுவதால் மூக்கு திறந்ததுபோல் தோன்றுகிறது, அடைப்போ அப்படியேதான் இருக்கிறது. உணர்வில் ஏற்படும் ஆறுதலும் ஆறுதலே என்று நீங்கள் சொன்னால் நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன், என் தாயார் வைக்கும் மிளகு ரசத்தையும் நான் விடுவதாக இல்லை. ஆனால் "சளியை வேரோடு அறுக்கும்", "சைனஸை ஒரே வாரத்தில் கரைக்கும்" என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகள் ஆறுதலைப் பற்றிப் பேசவில்லை.

ஆடாதோடையைப் பொறுத்தவரை, செடியிலிருந்து கிடைத்த பொருளை மாற்றியமைத்து, அளவு வகுத்து, மனிதரில் சோதித்த பிறகுதான் அது மருந்தாயிற்று. கைப்பிடி இலையில் எவ்வளவு வாசிசின் இருக்கிறது என்று அடுப்படியில் யாரும் அளப்பதில்லை.

பீனிசம்:

சித்த மருத்துவம் பயிலும் மாணவி என்ற முறையில் இரு தரப்பின் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. பொருநைக்கரை ஐயா, வீட்டுப் பழக்கங்கள் அனைத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார். ஓமவல்லிச் சாறும் கட்டிக் கற்பூரமும் ஒன்றாகிவிடுமா? தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்க்கும் பழக்கத்தை எங்கள் ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள். தோல் வழியே உள்ளே செல்லும் கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்க வல்லது. மூக்கில் எண்ணெய் விடும் நசியம், மருத்துவர் ஆளைப் பார்த்து, அளவையும் காலத்தையும் வகுத்துச் செய்ய வேண்டியது. அதைப் பச்சிளங்குழந்தைக்கு வீட்டில் செய்யப்போய், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஏற்பட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும், சுட்ட மஞ்சளின் புகையை முகரச் செய்வதும், இழுப்பு உள்ள குழந்தைக்கு மூச்சுக்குழாயை மேலும் இறுக்கும்.

மருத்துவர் ஐயாவிடம் என் கேள்வி வேறு. செடிக்கு மதிப்பு அது மாத்திரையாக மாறிய பின்புதான் என்று நீங்கள் சொல்வதுபோல் படுகிறது. ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம் ஆகியவற்றுக்கு நூல் வகுத்த அளவும் அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருள்) உண்டு; அவற்றை இன்றைய முறையில் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள், நாங்களும் அதையே கேட்கிறோம். சோதனை நடக்கவில்லை என்பதையும் சோதனையில் தோற்றது என்பதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

மருந்துக்கடை:

கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவனாக ஒன்று சொல்கிறேன். ரசம் குடிப்பவர் என் கடைக்கு வருவதில்லை என்று யாரும் எண்ண வேண்டாம்; ரசமும் குடித்து, வேதுவும் பிடித்து, மூன்றாம் நாள் "அஞ்சு நாளைக்கு அசித்ரோமைசின் கொடுங்க" என்று சீட்டில்லாமல் வந்து நிற்கிறார். அது ஆன்டிபயாடிக், வைரஸ் சளிக்குப் பயன்படாது என்றால், பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார். மூக்கில் விடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ரசம் எவ்வளவோ மேல்.

கடலோரத்தான்:

இங்கு யாரும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதைப் பற்றிப் பேசவில்லையே? யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று கற்றுக்கொண்டேன். தூசி ஒவ்வாமைக்கு எனக்கு அதுதான் கைகொடுக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கல்லுப்புப் போட்டு அன்றாடம் செய்கிறேன்.

மூக்குத்தண்டு:

இந்த இழையில் பேசப்பட்டவற்றுள், நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு நானே பரிந்துரைப்பது இது ஒன்றுதான். பன்னாட்டு வழிகாட்டுதல்களும் இதை ஏற்கின்றன. ஆனால் நீங்கள் செய்யும் முறையை உடனே நிறுத்துங்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய் நீரை அப்படியே நேதிக் கெண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியா என்ற அமீபாவால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி, மூக்கின் உச்சியிலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறிவிடும். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆறியிருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் தூய உப்பு போதும். கெண்டியைக் கழுவி உலர்த்தி வைக்க வேண்டும்.

இரவுப்பணி:

தேன் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஒரு வயதைக் கடந்தவர்களின் இருமலுக்குத் தேன் நல்லது என்பதை பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதலே ஏற்கிறது. அதில் எனக்குப் பூசல் இல்லை. ஒரு வயதுக்குக் கீழ் ஒரு சொட்டும் கூடாது, பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைப்பது உட்பட. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதை, முதிராத குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, குழந்தையைத் துவளச் செய்துவிடும்.

பொருநைக்கரை:

சேனை வைக்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை, அனைவரும் நலமாகவே இருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இரவுப்பணி:

நலமாக இல்லாதவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள், ஐயா. முதல் ஆண்டில் இறந்த குழந்தைகளை எந்த ஊரிலும் யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

பொருநைக்கரை:

சரி, குழந்தைகளை இந்த வாதத்திலிருந்து விலக்கிவிடுவோம். வளர்ந்தவர்களைப் பற்றி மருத்துவர் ஐயாவிடம் நேராகக் கேட்கிறேன். சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகும், மருந்து தேவையில்லை என்பதுதானே உங்கள் அறிவியலும் சொல்வது? அப்படியென்றால் உங்களில் எத்தனை பேர் சீட்டில் "மருந்து வேண்டாம், ரசம் குடித்து ஓய்வெடுங்கள்" என்று எழுதுகிறீர்கள்? என் வீட்டில் சென்ற மார்கழியில் ஒரு சளிக்காக ஒரு மருத்துவரிடம் போய்வந்ததில் ஆறு வகை மாத்திரைகள் வந்தன. அவற்றில் ஒன்று ஆன்டிபயாடிக்.

மூக்குத்தண்டு:

நான் எழுதுகிறேன். பத்து நாளாகியும் குறையவில்லை என்றாலோ, குறைந்துவந்த சளி மீண்டும் காய்ச்சலோடு ஏறினாலோ, கண் இமை வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வாருங்கள் என்பதையும், சளி பச்சையாக வருவதாலேயே ஆன்டிபயாடிக் தேவைப்படாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அப்படி எழுதிக்கொடுத்த சீட்டோடு வெளியே போகிறவர்களில் சிலர், ஆலோசனைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.