பழைய மோட்டார்ஹோமின் தலைப்படுக்கை ஆடுகிறது, பின்பக்கம் விரிசல்: எங்கிருந்து பலப்படுத்துவது?

சாட்ஸ்வொர்த்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து எழுதுகிறேன். மாமாவின் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை வசதியோடு கட்டிய வீட்டு வேன், இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 90களில் கட்டியது, டீசல் வேன் சேசிஸ்மேல் (அடிச்சட்டம்) மரச்சட்டம் போட்டு வெளியே அலுமினியத் தகடு அடித்த பாடி. இன்ஜினில் குறையே இல்லை, பாடிதான் தகராறு. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை இருக்கிறதே, அதன் இடது முன்மூலையைக் கையால் தூக்கினால் ஒரு விரற்கடை மேலே எழும்புகிறது. உள்சுவர் பழுப்பேறி, கட்டைவிரலால் அமுக்கினால் நமுத்த அப்பளம் மாதிரி உள்ளே போகிறது. பின்னால் பைக் ஸ்டாண்ட் மாட்டிய இடத்தில், சேசிஸை நீட்டி ஒட்டுப்போட்ட இரும்பில் மெல்லிய விரிசல், அதிலிருந்து துரு வடிந்திருக்கிறது.

ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே டிராக்கன்ஸ்பெர்க் மலை ஏறலாம் என்று வீட்டில் திட்டம். மூலைகளில் ஆங்கிள் இரும்பு வைத்து ஸ்க்ரூ அடித்து, விரிசல்மேல் தடித்த தகடு வைத்து வெல்டிங் பண்ணிவிடலாமா?

வெருலம் பட்டறை:
தம்பி, ஆங்கிள் இரும்பை இப்போதைக்கு வாங்க வேண்டாம். மக்கின மரத்தில் ஸ்க்ரூ எப்படிப் பிடிக்கும்? நல்ல மரமும் பாதி வழியில் கிழிந்துபோகும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்த மாதிரி பாடியில் பெரும்பாலும் மேலே இருக்கிற சின்ன மார்க்கர் விளக்கின் ஸ்க்ரூ ஓட்டை, முன்ஜன்னலின் மேல்விளிம்பு, இரண்டு தகடு சேரும் மூலைப்பட்டை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டை ஓரிடம், மக்கல் வேறிடம். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி அடியில் தங்கும், அதனால் கறை தெரிகிற இடத்தில் மட்டும் பூசி ஏமாறாதீர்கள்.

ஈரமானி ஒன்று இரவல் வாங்கிச் சுவர் முழுக்க வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் எங்கோ கசிவு இருக்கிறது, 30 வந்தால் அநேகமாக மரம் போய்விட்டது. அப்புறம் உள்பலகையைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் குத்தினால் இறங்காத மரம் வரும்வரை வெட்டி எடுங்கள். புதுச் சட்டத்தைப் பழையதோடு நேராக முட்டவைக்காமல் சாய்வாகச் சீவி, பாலியூரித்தேன் பசை போட்டு ஒட்டுங்கள். படுக்கையின் அடித்தளத்தை ஒரே துண்டு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டாக (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) போட்டு, இரண்டு பக்கச் சுவரோடும் பசையால் பிணைத்தால் அதுவே டிரைவர் தலைக்கு மேலே நீண்டிருக்கிற முழு மூக்கையும் தாங்கும், இரும்பே தேவைப்படாது.

மூலைப்பட்டையைத் திரும்ப மாட்டும்போது அடியில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வையுங்கள். சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒருமுறை பூசினால் பிறகு அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. கடற்காற்றில் சாதா இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தைத் தின்றுவிடும், ஸ்டெயின்லெஸ் போட்டாலும் நடுவில் சீலன்ட் வைத்துத்தான் முடுக்க வேண்டும்.

லெனேசியா இன்ஜினியர்:
பின்பக்கத்துக்கு நான் சொல்கிறேன். முதல் வேலை, அந்த ஸ்டாண்டைக் கழற்றுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3.5 மீட்டர் என்றால், பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகிற 100 கிலோ, பின் அச்சின்மேல் சுமார் 157 கிலோவாக உட்காரும், முன்பக்கம் 57 கிலோ லேசாகும். அந்தச் சுமை முழுக்க நீட்டிப்பு ஒட்டில்தான் வளைக்கிறது, விரிசல் அங்கே வராமல் வேறெங்கே வரும்?

தடித்த தகட்டைச் சதுரமாக வெட்டி வைத்துச் சுற்றி வெல்டிங் அடித்தால் அந்த இடம் மட்டும் விறைத்து, தகடு முடிகிற விளிம்பில் அடுத்த விரிசல் விடும். முதலில் விரிசலின் நுனியில் ஒரு துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தி, அப்புறம் விரிசலைக் கீறிப் பள்ளமாக்கி, வெல்டிங் நிரப்பி, மட்டமாகத் தேய்க்க வேண்டும். மேலே வைக்கிற தகட்டின் முனைகள் சாய்வாகக் கூராகட்டும். போல்ட் என்றால் சேசிஸின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும், மேல் கீழ் விளிம்பில் துளை போடவே கூடாது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் வயர்களைக் கழற்றி, கேஸ் சிலிண்டரை வெளியே வைத்துவிடுங்கள். நீங்களே செய்கிற வேலை இல்லை இது, லாரி சேசிஸ் பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

பலப்படுத்துகிறேன் என்று எடையையும் ஏற்றிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது பி லைசென்ஸ் (இலகுரக வண்டிக்கானது) என்றால் 3,500 கிலோதான் வரம்பு. எடைமேடையில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக ஏற்றி எடை பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:
அண்ணே, இன்று மூலைப்பட்டையைக் கழற்றினேன். மார்க்கர் விளக்குக்குப் பின்னால் மரம் கறுத்து, விரலால் சுரண்டினால் நார் நாராக வருகிறது. நல்ல மரம் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. வெளியே பைபர்கிளாஸ் போட்டு மூடிவிட்டால் ஈஸ்டர் வரை தாங்காதா?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தாங்கும் தம்பி, ஆனால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு மிச்ச மரத்தையும் முடித்துவிடும். எங்கள் வண்டிக்கும் முன்பு வைத்திருந்தவர் அப்படித்தான் போர்த்திக் கொடுத்திருந்தார், பிரித்தபோது ஒரு பக்கச் சட்டமே இல்லை. டர்பன் புழுக்கத்தில் சும்மா திறந்து போட்டாலும் காயாது, வண்டியை மூடி உள்ளே டிஹியூமிடிபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின்) ஓடவிடுங்கள். டயர் எவ்வளவு பழசு என்று அதன் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்க எண்ணையும் பாருங்கள், கடைசி இரண்டுதான் வருடம். இந்த ஈஸ்டருக்குக் காரில் போய் மலையடிவாரத்தில் ஒரு ஷாலே (வாடகைக் குடில்) எடுத்துத் தங்குங்கள்.

வெருலம் பட்டறை:
அக்கா சொன்னதுதான். பிரித்ததும் போட்டோ போடுங்கள், எவ்வளவு மரம் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறேன்.