வேப்புக்கு மாறி ஐந்து மாதம், ஆனால் காலையில் இரண்டு சிகரட் இன்னும் விடவில்லை

கேள்வி: ஷெட்_இரவுவேலை (ஈஸ்ட்ஹாம், லண்டன்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. ஒரு பெற்றோல் ஷெட்டில் பதினொரு வருடமாக இரவு வேலை. இருபத்தாறு வருடம் சிகரட் பிடித்தேன், நாளுக்கு 15. போன மார்கழியில் அப்பா ஊரில் நுரையீரல் வருத்தத்தால் காலமானார். அவர் இளைத்து இளைத்துக் கதைத்ததை போனில் கேட்டுவிட்டு, இங்கே கடைக்குப் பின்னால் போய் நின்று நான் பற்றவைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

மே மாதம் புகைத்தலை நிறுத்த உதவும் இலவச சேவைக்குப் போனேன். ஒரு வேப்பும் (மின்சிகரட்) 18 மில்லிகிராம் நிக்கோட்டின் லிக்விட்டும் தந்தார்கள். சிகரட் புகையிலிருந்து உடம்பில் சேரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டை ஊதிப் பார்க்கும் கருவி முதல் நாள் 23 காட்டியது, ஒரு மாதம் கழித்து 6. புகைக்காதவர்களுக்கு இருக்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்று அங்கே இருந்த பிள்ளை சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

ஆனால் காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது இரண்டு சிகரட் பிடிக்கிறேன். கவுண்டருக்குள் எட்டு மணித்தியாலம் வேப் எடுக்க முடியாது, வெளியே வந்ததும் கை தானாகப் பெட்டியைத் தேடுகிறது. அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை. மனிசிக்கும் தெரியாது. பதினைந்து இரண்டானது பெரிய விஷயம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். சரியா?

இன்னொன்று. மாறிய பிறகு இருமல் கூடியிருக்கிறது, வாய் காய்கிறது. வழக்கமாகக் குடிக்கும் நாலு கோப்பிக்கு இப்போது நெஞ்சு படபடக்கிறது. வேப் பிடித்த இளம் பிள்ளைகள் அமெரிக்காவில் செத்ததாக ஒரு வீடியோவை மனிசி காட்டினாள். தை மாதம் அக்காவின் மகளுக்குச் சென்னையில் கலியாணம், வேப்பைக் கொண்டுபோகலாமா?

பதில் 1: மருந்தாளர்_ஹரோ

அண்ணை, பதினைந்திலிருந்து இரண்டுக்கு வந்தது சின்ன வேலை இல்லை. ஆனால் உங்களுடைய முதல் கேள்விக்கு என் பதில், சரியில்லை என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இருதயம் சிகரட்டை எண்ணிக் கணக்குப் பார்ப்பதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நாளுக்கு 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்டப் பாதி, நாளுக்கு ஒன்று மட்டும் பிடிக்கும் ஆணுக்கும் இருக்கிறது. புற்றுநோய் விஷயத்தில் குறைத்ததன் பலன் இதைவிட நன்றாகத் தெரியும். இரத்தக் குழாய்க்கு அப்படி இல்லை.

அந்தக் கருவியின் 6ஐயும் நம்ப வேண்டாம். எத்தனை மணிக்கு ஊதினீர்கள்? பின்னேரம் என்றால், காலையில் பிடித்ததில் பெரும் பகுதி அதற்குள் உடம்பை விட்டுப் போயிருக்கும். கார்பன் மொனொக்சைட் சுமார் ஐந்து மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

முழுதாக மாறினால் என்ன கிடைக்கும் என்பதற்கு டண்டி பல்கலைக்கழகத்தின் ஆய்வு இருக்கிறது, 2019இல் வெளியானது. நாளுக்கு 15க்குக் குறையாமல் பிடித்த 114 பேர், உங்களைப் போலவே. வேப்புக்கு மாறியவர்களின் இரத்தக் குழாய் ஒரே மாதத்தில் கூடுதலாக விரிந்து கொடுக்கத் தொடங்கியது. சிகரட்டை முற்றாக விட்டு மாறியவர்களுக்கே பலன் அதிகம். அந்த இரண்டு சிகரட்டால் நீங்கள் இழப்பது இதைத்தான்.

கோப்பி விஷயம் பலருக்குத் தெரியாது. சிகரட் புகையில் உள்ள தார், ஈரலில் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கும். தார் குறைந்ததும் அந்த வேகமும் குறையும், அதே நாலு கோப்பி இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். நிக்கோட்டினுக்கு இதில் பங்கு இல்லை, அதனால் வேப் பிடித்தாலும் இதுதான் நடக்கும். இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் படபடப்பு நிற்காவிட்டால் ஜிபியிடம் (குடும்ப வைத்தியர்) போங்கள். வேறு மருந்து எடுக்கிறீர்களா? தியோஃபிலின் (மூச்சுத் திணறலுக்கு), க்ளோசபின் (மனநோய்க்கு) போன்றவையும் இதே நொதியால்தான் கழிகின்றன, அளவு மாற்ற வேண்டி வரலாம்.

இருமலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவது ஒன்று. லிக்விட்டில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கோல் தொண்டையைக் காய வைப்பது மற்றது, வாய் காய்வதும் அதனால்தான். ஆனால் மூன்று கிழமைக்கு மேல் இருமினால், சளியில் இரத்தம் கண்டால், வேப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். ஜிபி பார்க்க வேண்டும்.

உங்கள் மனைவி காட்டிய வீடியோ பொய் இல்லை. 2020 பெப்ரவரி வரையில் அமெரிக்காவில் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெய். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கிய காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இங்கே சட்டப்படி விற்கும் லிக்விட்டில் வைட்டமின் சேர்க்கக் கூடாது. அதற்காக வேப் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். அது விற்பனைக்கு வந்தே இருபது வருடம் சொச்சம்தான், முப்பது வருடம் பிடித்த நுரையீரல் எப்படி இருக்கும் என்று ஒருவரும் இன்னும் பார்த்ததில்லை. சிகரட்டிலிருந்து வெளியே வர ஒரு படி, அவ்வளவுதான்.

இனி அந்த ஆறு மணி. எட்டு மணித்தியாலம் நிக்கோட்டின் இல்லாமல் நின்றால் யாருக்கும் கை தேடும். வேலைக்குப் போக முன்னர் நிக்கோட்டின் பட்டி ஒன்றைத் தோலில் ஒட்டிக்கொண்டு போகலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பட்டியையும் வேப்பையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான். படபடப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் உங்களைத் திட்ட மாட்டாள் அண்ணை, தினமும் இதைக் கேட்பவள்தான்.

பதில் 2: கொவன்ட்ரி_லொறி

நானும் இப்படி ஏழு மாதம் இரண்டு படகில் கால் வைத்திருந்தவன். எனக்கு உதவியது, சிகரட் பிடித்த இடத்தை மாற்றியதுதான். டிப்போ வாசலில் நிற்காமல் நேரே போய் வண்டியில் ஏறிவிடுவேன்.

வேப்பில் ஒன்று கவனம். சிகரட் எரிந்து முடியும். வேப் முடியவே முடியாது. நான் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன், இரவில் எழும்பி எழும்பி இழுத்தேன். சிகரட் முற்றாக நின்ற பிறகு 18இலிருந்து 12, 6, 3 என்று இறங்க ஒன்றரை வருடம் எடுத்தது. அவசரப்பட்டு இறங்கினால் மறுபடி சிகரட் வாங்கத் தோன்றும். முதலில் அந்த இரண்டை விடுங்கள், வேப்பை விடுவது அடுத்த வருடத்து வேலை.

பதில் 3: வளசரவாக்கம்

அண்ணா, சென்னைக்கு வேப் வேண்டாம். 2019 சட்டப்படி இந்தியாவுக்குள் கொண்டு வருவதே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம். சிகரட் மட்டும் தெருமுனை பெட்டிக்கடையில் தாராளமாகக் கிடைக்கும், உங்களுக்கு ஆபத்து அதுதான். கல்யாண வீட்டில் ஆளாளுக்கு நீட்டுவார்கள். நிக்கோட்டின் சூயிங் கம்முக்குத் தடை இல்லை, மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கலாம். பேசி உதவி கேட்க 1800 11 2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

ஷெட்_இரவுவேலை

தங்கச்சி, ஊதியது பின்னேரம் நாலு மணிக்கு. நீங்கள் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

இன்று மனிசியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, ஆறு மணிக்கு நான் போன் எடுக்கிறேன், பஸ் வரும் வரைக்கும் கதைப்போம் என்றாள். வியாழக்கிழமை பட்டி கேட்கப் போகிறேன், இந்த முறை காலை ஒன்பது மணிக்கு நேரம் எடுத்திருக்கிறேன்.