காபியில் கலந்த சொட்டு மருந்து

பெரம்பூரிலிருந்து ஓர் அக்கா எழுதுகிறேன்:

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று தெரியவந்தபோது அவனுக்கு வயது 23. எதிர்வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதாகவும், மின்விசிறிச் சத்தத்துக்குள்ளும் அதே குரல்கள் ஒளிந்திருப்பதாகவும் அவன் சொல்லத் தொடங்கி எட்டு மாதம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனோம். அதற்குள் ஏறாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. கீழ்ப்பாக்கத்தில் காட்டலாமே என்று சொன்ன பக்கத்து வீட்டு மாமாவோடு அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயரை நம் ஊர் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும்போது அம்மாவை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

தனியார் மருத்துவர் ஒருவர் ஹாலோபெரிடால் எழுதிக் கொடுத்தார். தனக்கு நோயே இல்லை என்றிருந்த தம்பி மாத்திரையைத் தொடவில்லை. அதே மருந்து நிறமும் சுவையும் இல்லாத சொட்டு மருந்தாகக் கிடைத்தது. காலைக் காபியில் அம்மா அதைக் கலக்கத் தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் மாடிக் குரல்கள் அடங்கின. அவன் மறுபடியும் செய்தித்தாள் படித்தான். நாங்கள் செய்தது சரிதான் என்று நானும் நம்பினேன்.

பிறகு நடக்க ஆரம்பித்தான். கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு, இரவு இரண்டு மணிக்கும் அதே நடை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் உண்பதற்குள் எழுந்துவிடுவான்; நிற்கும்போதும் ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பான். வாங்கி ஒரு மாதமே ஆன ரப்பர் செருப்பின் குதிகால் பக்கம் காகிதம்போலத் தேய்ந்துபோயிருந்தது. நோய் முற்றிவிட்டது என்று பயந்து தொலைபேசியில் கேட்டோம். நேரில் பார்க்காமலேயே சொட்டுகளைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினோம், நடையும் கூடியது. “உக்கார முடியலக்கா, கால் என் பேச்சைக் கேக்கல” என்று அவன் அழுததையும் நோயின் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் என்னிடமோ அம்மாவிடமோ பேசாமல் அவனிடமே கேட்டார்: “யாராவது நடக்கச் சொல்றாங்களா தம்பி, இல்ல நடக்காம இருக்க முடியலையா?” யாரும் சொல்லவில்லை, உள்ளே ஏதோ தவிக்கிறது என்றான். அது நோயல்ல, அகதீசியா என்னும் பக்கவிளைவு என்று அவர் விளக்கினார். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் செயல்படும் ஒரு பாதையை மருந்து அடக்குவதால் குரல்கள் ஓய்கின்றன. உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பாதையையும் அதே மருந்து அடக்கிவிடுவதால் இந்தத் தவிப்பும், சிலருக்குக் கைநடுக்கமும் விறைப்பும் வருகின்றன. அவர் அளவைக் குறைத்து, தவிப்பைத் தணிக்க ப்ரோப்ரனோலால் என்னும் மாத்திரையைச் சேர்த்தார். ஐந்தாம் நாள் தம்பி தட்டில் இருந்த சோறு முழுவதையும் உட்கார்ந்தபடியே சாப்பிட்டு முடித்தான்.

ஆனால் அந்த அறையில்தான் காபி விஷயமும் அவனுக்குத் தெரிந்தது. மருந்து உள்ளே போவதே தெரியாதவன், தன் கால்கள் தவிப்பதற்கு மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்லியிருப்பான்? அதன்பின் மூன்று மாதம் அவன் வீட்டில் எதுவும் உண்ணவில்லை; தெருமுனைக் கடையிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிடுவான். யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அஞ்சிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அந்த அச்சம் உண்மைதான் என்று நாங்களே காட்டிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது ஒலான்சபின் என்னும் வேறு மருந்து எடுத்துக்கொள்கிறான், தானாகவே. ஓராண்டில் 11 கிலோ ஏறிவிட்டதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கிறோம்.

வேளச்சேரியிலிருந்து, இந்த மருந்துகளை உட்கொள்பவன்:

அக்கா எழுதியதை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு இரண்டு மருந்துகள் போதிய அளவும் போதிய காலமும் கொடுத்தும் கேட்காததால் க்ளோசபின் தொடங்கினார்கள். பின்லாந்தில் இம்மருந்தால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து சிலர் இறந்ததால் 1970-களின் நடுவில் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டு, மற்ற மருந்துகளால் பலன் கிடைக்காதவர்களுக்கும் இது உதவுகிறது என்று 1988-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு திரும்பி வந்த மருந்து இது. அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் கொடுத்தேன்; ஆய்வகத்துப் பெண் என் கையைப் பார்த்ததுமே எந்த நரம்பு என்று சொல்லிவிடுவார். இரவில் வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தலையணை நனையும். துண்டு விரித்துப் படுக்கிறேன். மலச்சிக்கலைச் சொல்ல வெட்கப்பட்டு நான்கு நாள் மறைத்ததற்கு மருத்துவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். இம்மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாமாம்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. நல்ல பிள்ளையாகச் சிகரெட்டை ஒரேயடியாக விட்டேன், பத்தே நாளில் பகல் முழுவதும் தூங்கி விழுந்தேன். புகையிலுள்ள பொருள்கள் கல்லீரலில் மருந்து சிதையும் வேகத்தைக் கூட்டுகின்றனவாம். புகை நின்றதும் அதே மாத்திரை உடம்பில் அதிகமாகத் தேங்கியிருக்கிறது. அளவைக் குறைத்த பிறகே தெளிந்தேன். ஒரு குரல் இன்னும் இருக்கிறது; பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி போல, கேட்கும், ஆனால் என்னை அழைக்காது.

ராயபுரத்திலிருந்து:

என் கணவர் குணமாகிவிட்டதாக எண்ணி மாத்திரையை நிறுத்தி, ஐந்தாம் மாதம் மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தார். இப்போது மாதம் ஒருமுறை ஃப்ளூஃபெனசின் ஊசி. தினமும் “மாத்திரை போட்டீங்களா” என்று நான் கேட்பதும் அவர் எரிந்து விழுவதும் நின்றதே எங்களுக்குப் பெரிய நிம்மதி. பெரம்பூர் அக்கா, தம்பி இப்போது வீட்டில் சாப்பிடுகிறாரா?

பெரம்பூர் அக்கா:

சாப்பிடுகிறான். அம்மா கைச் சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்குகிறான். காபியை மட்டும் இன்றுவரை அவனே போட்டுக்கொள்கிறான்.