கமடோர் 64: ராஸ்டர் பட்டைகள் நடுங்குகின்றன, எட்டு வரிக்கு ஒருமுறை உடைகின்றன

கேள்வி:
பால் (PAL டிவி முறை) மெஷின், 6569 வீடியோ சிப். 788-789 வெக்டர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஹேண்ட்லரின் முகவரி) வழியாக 100ஆம் வரியில் ராஸ்டர் இன்டரப்ட் (திரைக்கதிர் அந்த வரிக்கு வந்ததும் நிரலை இடைமறிப்பது). அங்கிருந்து வரிக்கு வரி 53280 (ஓரம்), 53281 (பின்னணி) இரண்டிலும் நிறம் மாற்றுகிறேன். நிறம் மாறும் இடம் இடவலமாக நடுங்குகிறது. எட்டு வரிக்கு ஒருமுறை பட்டையும் சிதைகிறது. நாப் (எதுவும் செய்யாமல் நேரம் கடத்தும் கட்டளை) கூட்டிக் குறைத்தும் பயனில்லை.

மறுமொழி 1:
இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கேட்காது. முதலில் நடுக்கம். 6510 செயலி கையிலிருக்கும் கட்டளையை முடித்த பிறகே இன்டரப்டுக்குப் போகும். கட்டளைக்கு 2 முதல் 7 சைக்கிள் (கடிகாரத் துடிப்பு), சைக்கிளுக்கு 8 பிக்சல். நாப் சேர்த்தால் நடுக்கம் இடம் மாறுமே தவிரக் குறையாது.

இரட்டை இன்டரப்ட் போடுங்கள். 100ஆம் வரி ஹேண்ட்லர் 53266-இல் (எழுதினால் இன்டரப்ட் வரி, படித்தால் நடப்பு வரி) 101 எழுதி, வெக்டரை மாற்றி, வந்த இன்டரப்டை ஏற்றதாகக் காட்ட 53273-இல் 1 எழுதட்டும். பிறகு டிஎஸ்எக்ஸ் (ஸ்டாக் இடத்தைச் சேமிக்க), சிஎல்ஐ (இன்டரப்டை அனுமதிக்க), அதன்பின் வெறும் நாப் வரிசை. நாப்புக்கு 2 சைக்கிள் என்பதால் இரண்டாவது இன்டரப்டில் மிஞ்சும் பிழை 1 சைக்கிள்தான். அங்கே டிஎக்ஸ்எஸ் (ஸ்டாக் இடத்தை மீட்க), கொஞ்சம் தாமதம், எல்டிஏ 53266 (படிக்க), சிஎம்பி 53266 (ஒப்பிட), சமமானால் அடுத்த கட்டளைக்கே தாவும் பிஈக்யூ. சிஎம்பி படிக்கும் சைக்கிள் சரியாக வரி மாறும் இடத்தில் விழ வேண்டும். முந்தி வந்தால் எண்கள் ஒன்று, தாவ 3 சைக்கிள், பிந்தினால் 2. பிழை தீர்ந்தது.

788 வேண்டாம், கெர்னல் (ரோமில் உள்ள இயங்குதளம்) வழியே வீணாகும் சைக்கிள்கள் அதிகம். முகவரி 1-இல் 53 எழுதி கெர்னலை விலக்கி, 65534-ஐ (செயலியின் சொந்த இன்டரப்ட் வெக்டர்) பிடியுங்கள். 65530-க்கும் (ரெஸ்டோர் விசைக்கான வெக்டர்) ஒரு ஆர்டிஐ (இன்டரப்டிலிருந்து திரும்பும் கட்டளை) காட்டாவிட்டால் ரெஸ்டோர் விசை தட்டியதும் மெஷின் தொங்கும்.

மறுமொழி 2:
சிதைவுக்குக் காரணம் பேட்லைன். 48-247 வரிகளில், வரி எண்ணின் கடைசி 3 பிட்டும் 53265-இன் கடைசி 3 பிட்டும் (திரையின் செங்குத்து நகர்வு) ஒத்தால், விக் (வீடியோ) சிப் எழுத்துகளைப் படிக்க 40-43 சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ளும். வரிக்கு உள்ள 63 சைக்கிளில் உங்களுக்கு 20-23தான். வழக்கமான மதிப்பு 3 என்றால் 99, 107, 115... வரிகள் பேட்லைன்.

லூப்பின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் கணக்கு: எல்டிஏ அட்டவணை,எக்ஸ் (4), இரண்டு எஸ்டிஏ (8), ஐஎன்எக்ஸ் (2), சிபிஎக்ஸ் (2), பிஎன்ஈ (3): மொத்தம் 19. சாதாரண வரிக்கு 22 நாப். பேட்லைனில் அதிகபட்சம் இரண்டு. எத்தனை என்பதைத் திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லூப்பை எட்டு வரிக்கு விரித்து எழுதுங்கள். ஸ்ப்ரைட் (நகர்த்தக்கூடிய சிறு படம்) இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொன்றும் இன்னும் 2 சைக்கிள் தின்னும்.

மறுமொழி 3:
அட்டவணையோ தாவலோ 256 பைட் எல்லையைத் தாண்டினால் ஒரு சைக்கிள் கூடும். பட்டை பாதியிலிருந்து சரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) 6567ஆர்8 சிப்பில் வரிக்கு 65 சைக்கிள், ஒரு நாப் கூடுதல். பழைய ஆர்56ஏ-இல் 64. அதற்கு ஒரு நாப்பை எடுத்துவிட்டு 3 சைக்கிள் பிடிக்கும் ஜீரோ பேஜ் (நினைவகத்தின் முதல் 256 பைட்) பிட் கட்டளையைப் போடுங்கள்.