சீனப் பெருநாள் லீவுல ட்ராஸ் போகலாமா? அப்பாவையும் கூட்டிட்டு போறேன்

சிப்புட்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். எங்கப்பா வாழ்நாள் பூரா கித்தா மரம் (ரப்பர்) சீவுனவரு, இப்ப வேலைய விட்டுட்டு வீட்ல யூடியூப்தான், அதுல ட்ராஸ்னு ஒரு ஊர பாத்துட்டு உலகத்துலயே ரெண்டாவது குளிரான ஊராம்டா, செத்துப் போறதுக்குள்ள பனிய கையால தொட்டு பாக்கணும்னு ஒரே புடியா நிக்கிறாரு. லடாக்ல கார்கில் பக்கம்னு போட்டிருக்கு. ஸ்ரீநகர்ல இறங்கி கார் எடுத்துட்டு போயிடலாமா? அப்பாவுக்கு 64 வயசு, பிரஷர் மாத்திரை சாப்புடுறாரு. குளிர் சட்டை எங்க வாங்குறதுன்னும் சொல்லுங்க, எங்க வீட்ல கேமரன் மலை போனாலே அம்மா தலையில துண்ட கட்டிக்குவாங்க.

தைப்பிங்_மழை:
தம்பி, ஸ்ரீநகர் வழிய மறந்துடு. சோனமார்க் தாண்டுனா சோஜி லா கணவாய், 3,528 மீட்டர், பனி கொட்டுனா ரோட்ட மூடிடுவாங்க. முன்ன எல்லாம் பாதி வருஷம் மூடியே கெடக்கும், இப்ப எல்லை ரோடு போடுற பிஆர்ஓ காரங்க மிஷின் வெச்சு தள்ளி மார்ச் கடைசி ஏப்ரல்னு சீக்கிரம் தொறந்துடுறாங்க, ஆனா பிப்ரவரிய நம்பி டிக்கெட் போட முடியாது. 2025 ஜனவரியில தொறந்தாங்களே ஒரு சுரங்கம், அது சோனமார்க் வரைக்கும்தான், சோஜி லாவுக்கு அடியில போற பெரிய சுரங்கம் இன்னும் வேலை நடக்குது, நெறைய பேரு ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க.
குளிர்காலத்துல போகணும்னா டெல்லியிலேர்ந்து லடாக்ல இருக்கற லே ஊருக்கு பறக்கணும். அங்கேர்ந்து கார்கில் 215 கிலோமீட்டர் கிட்ட, நடுவுல 4,108 மீட்டர்ல ஃபோட்டு லா கணவாய் வேற ஏறணும், கார்கில்லேர்ந்து ட்ராஸ் இன்னும் ஒரு 60. நான் அப்படித்தான் போனேன். ராத்திரி ட்ராஸ்ல தங்காம கார்கில் திரும்பிடறதுதான் புத்தி, ஏன்னா குழாயில தண்ணி உறைஞ்சு போயிடும், பக்கெட்லதான் எடுத்து வெப்பாங்க, ரூம் நடுவுல புகாரின்னு விறகு அடுப்பு, அத விட்டு ரெண்டடி தள்ளி நின்னா பல்லு தந்தி அடிக்கும். போன் பேட்டரியும் படம் எடுக்கறதுக்குள்ள செத்துடும், உள்சட்டைக்குள்ள வெச்சுக்கோ. சாதா டீசல் கூட கெட்டியாயிடும், அதுக்காகவே இந்தியன் ஆயில் 2019ல மைனஸ் 33 வரைக்கும் தாங்குற டீசல் கொண்டு வந்தாங்க.

பண்டல்_ராஜா:
ரெண்டாவது குளிர் அது இதுன்னு போர்டுல எழுதி வெச்சிருக்காங்க, நம்பாதீங்க லா. 1995ல மைனஸ் 60 போச்சுன்னு எல்லாரும் காப்பி அடிச்சு போடுறாங்க, ஆனா சைபீரியாவுல ஒய்மியாகோன், வெர்கோயான்ஸ்க் மட்டும் இல்ல, சுத்தி எத்தனையோ ஊரு ட்ராஸ விட குளிரு. சாதாரணமா ட்ராஸ்ல ராத்திரி மைனஸ் 20, 25, அதுவே நம்ம ஆளுங்களுக்கு போதும். ஊரு பள்ளத்தாக்குல இருக்கு, ராத்திரியானா மலை மேலேர்ந்து கனமான குளிர் காத்து எறங்கி அங்கயே தேங்கிடும்.
சட்டைக்கு ஈப்போ பண்டல் கடைங்கள தேடுங்க, கொரியா ஜப்பான் பழைய ஜாக்கெட் நல்லதே கெடைக்கும், புதுசுக்கு காச கொட்டாதீங்க. ஆனா பூட்ஸ் மட்டும் புதுசு.

கிளினிக்_அக்கா:
தம்பி எல்லாரும் குளிரப் பத்தியே பேசுறீங்க, உங்கப்பாவுக்கு பிரச்சனை ஒசரம். லே, ட்ராஸ் ரெண்டுமே 3,200 மீட்டருக்கு மேல, பிளேன்ல போய் டக்குனு எறங்குனா ஒடம்பு பழக நேரமே இல்ல. லே-ல குறைஞ்சது ரெண்டு நாள் எங்கயும் அலையாம படுத்து கெடக்கணும். ஒசரத்துக்கு ஒடம்பு பழக டயமாக்ஸ்னு மாத்திரை இருக்கு, ஆனா சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா ஆகாது, பிரஷர் மாத்திரையோட சேருமான்னு டாக்டர்தான் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னு வாங்கி குடுத்துடாதீங்க. கடுங்குளிர்ல பிரஷரும் ஏறும். அவருக்கு வேண்டியது பனிதானே? குல்மார்க் கூட்டிட்டு போங்க, 2,650 மீட்டர் கிட்டதான், ஸ்ரீநகர்லேர்ந்து பக்கம், பிப்ரவரியில இடுப்பளவு பனி கெடக்கும், கேபிள் கார் முதல் ஸ்டேஷனோட நிறுத்திக்கலாம்.

தைப்பிங்_மழை:
அக்கா சொல்றதுதான் சரி. ட்ராஸ ஜூன் ஜூலையில தனியா பாரு, அப்ப ரோடும் தொறந்திருக்கும், புல்லு பச்சையா கெடக்கும். 1999ல இந்தியா பாகிஸ்தான் கார்கில் சண்டை நினைவிடம் அங்கதான், நேரா பின்னால தோலோலிங் மலை, அந்த வருஷம் ஜூன்ல இந்திய ராணுவம் அத பிடிச்சாங்க, டைகர் ஹில் ஜூலை 4. சண்டைல ஜெயிச்ச நாள் ஜூலை 26, அத ஒட்டி போனா கூட்டமும் கெடுபிடியும் இருக்கும், பாத்துக்கோ. இன்னொன்னு, சென்னையில வாங்குற பிரிபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது, காஷ்மீர்லயும் அதே கதைதான்.

சிப்புட்_பையன்:
நன்றி அண்ணே, அக்கா. அப்பாகிட்ட குல்மார்க் படம் காட்டுனேன், மொதல்ல மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டாரு, இது ட்ராஸ் இல்லையேடான்னு. அப்பறம் கேபிள் கார பாத்துட்டு இப்ப கேக்குறாரு, அங்க டீக்கடை இருக்குமான்னு.

பண்டல்_ராஜா:
இருக்கு லா. ஆனா நம்ம ஊரு தே தாரிக் (இழுத்து ஆத்துற பால் டீ) இல்ல, ரோஸ் கலர்ல உப்பு போட்ட டீ. முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க.